இரண்டு எழுத்துக்கு ஒரே கோடு

என் வீட்டுக்காரரைப் பற்றி யாராவது "தங்கமான மனுஷன்" என்று ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தங்கம்தான், யார் இல்லையென்றது? அந்தத் தங்கத்தோடு இருபத்தாறு வருஷமாக மாரடிக்கிறவளைக் கேட்டால் அல்லவா தெரியும்.

அவர் சர்வேயர். நிலம் அளக்கிற ஆபீஸில் வேலை. அந்தத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கோட்டையும் ஒரே தடவை அளந்து எழுதிவிட மாட்டார்கள், மூன்று தடவை அளப்பார்கள். மூன்றும் ஒன்றுபோல வராது. வெயிலில் டேப் நீளும், பிடிக்கிற கை தளரும். எது ரொம்ப விலகி நிற்கிறதோ அதைத் தள்ளிவிட்டு, மிச்சத்துக்குச் சராசரி போட்டு எழுதிக்கொள்வார்கள். வித்தியாசம் என்றால் பிழை, பிழையைக் களைந்தால் மிஞ்சுவது உண்மை. ஆபீஸில் அதைச் செய்யட்டும், அதற்குத்தான் சம்பளம். இந்த மனுஷன் அதை வீட்டுக்கும் கொண்டுவந்தார். எங்கள் பொண்ணுக்குச் சின்ன வயசில் காய்ச்சல் வந்தபோது தெர்மாமீட்டரை மூன்று தடவை வைத்தார். ஒரு தடவை மட்டும் நூற்று நாலு காட்டியது. "இது மட்டும் தனியா நிக்குது, தப்பா இருக்கும்" என்று அதைத் தள்ளிவிட்டார். அதுதான் சரியான அளவு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் வழியிலேயே பிள்ளைக்கு உடம்பு தூக்கிப்போட்டது. அதற்கப்புறமாவது திருந்தினாரா? இல்லை. ஆபீஸில் அவருக்கு 'சராசரி' என்றே பெயர். கூப்பிட்டால் சந்தோஷமாகத் திரும்பிப் பார்ப்பார்.

சண்டையிலும் அப்படித்தான். கீழ்வீட்டு அம்மா தண்ணீர் மோட்டாரை நிறுத்திவிட்டால் நான் மாடிப்படியில் நின்று கத்துவேன். இவர் பின்னாலேயே வந்து, "அவங்க சொல்றதும் நியாயம்தான், நீ சொல்றதும் நியாயம்தான்" என்பார். நான் ஏறுகிற இடத்தில் இவர் இறங்குவார். கூட்டிக் கழித்துப் பார்த்தால் தண்ணீர் வராது.

இனி என் பாட்டைச் சொல்கிறேன். நான் இன்ஜினியரிங் காலேஜில் வாத்தியார். பிள்ளைகளுக்குத் திரவங்களும் வாயுக்களும் ஓடுகிற விதத்தைச் சொல்லிக்கொடுக்கிறேன். டாக்டர் பட்டம் இல்லாதவர்கள் இந்த வருஷக் கடைசிக்குள் வாங்கியாக வேண்டும், இல்லாவிட்டால் நிரந்தர வேலை போய் மணிக்கணக்கு வாத்தியார் ஆகிவிடுவோம் என்று உத்தரவு. நான் ஆராய்ச்சிக்குப் பதிந்தது எட்டு வருஷத்துக்கு முன்னால். கெடு நீட்டி நீட்டி, இனிமேல் நீட்ட முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். என்னைவிடப் பதினைந்து வயசு இளையவர்கள் என் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நடக்கிறார்கள். இத்தனை வருஷம் நின்று பாடம் நடத்திய வகுப்புக்கு நானே கூலி ஆளாகப் போக வேண்டுமா?

என்ன ஆராய்ச்சி என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இவர் செய்த காரியத்தின் அழகு புரியாது. காற்றின் வேகத்துக்கு மூன்று திசை: முன்னால், மேலே, பக்கவாட்டில். மூன்றுக்கும் தனித்தனியாகச் சமன்பாடு எழுதினால் பக்கம் பக்கமாக நீளும். அதனால் 'யூ' என்று எழுதி, அதன் காலடியில் 'ஐ' என்று ஒரு பொடி எழுத்தைப் போட்டுவிடுவோம். அந்தப் பொடி எழுத்து மூன்று திசைக்கும் ஆள். ஒரே இடத்தில் அது இரண்டு தடவை வந்தால், மூன்று திசைக்கும் போட்டுக் கூட்டிக்கொள் என்று அர்த்தம். கூட்டல் குறியைக்கூட எழுத மாட்டோம். இதற்கு டென்சர் குறியீடு என்று பெயர். ஒரு பக்கம் ஒரே வரியில் அடங்கிவிடும்.

அடுத்தது சராசரி. கொந்தளிக்கிற காற்று இந்தக் கணம் இருந்தமாதிரி அடுத்த கணம் இருக்காது. ஆகவே வேகத்தை இரண்டாகப் பிரிப்போம். சராசரி ஒன்று, அதற்கு மேலும் கீழும் போகிற ஆட்டம் ஒன்று. சராசரி என்று காட்ட எழுத்தின் தலையில் ஒரு கோடு இழுப்போம். ஆட்டத்தைத் தனியாகச் சராசரி எடுத்தால் பூஜ்யம், மேலே போனதும் கீழே போனதும் அடிபட்டுவிடும். அப்பாடா, தொல்லை விட்டது என்று சமன்பாடு முழுவதற்கும் சராசரி எடுத்தால், கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதை. முன்னால் போகிற ஆட்டத்தையும் மேலே போகிற ஆட்டத்தையும் பெருக்கி, அந்தப் பெருக்கலுக்கு எடுத்த சராசரி ஒன்று மூலையில் வந்து உட்கார்ந்திருக்கும். அது பூஜ்யம் ஆகாது. ஏனென்றால் சுவரை நோக்கி இறங்குகிற காற்று வெளியிலிருந்து வேகத்தோடு வரும், சுவரிலிருந்து ஏறுகிற காற்று மந்தமாக வரும். ஒன்று குறையும்போது மற்றது கூடும், இரண்டுக்கும் நடுவே அப்படி ஓர் ஒட்டு. அதன் மதிப்பு என்ன என்று அந்தச் சமன்பாடு வாயைத் திறக்காது. அதை ஊகித்துத்தான் கணக்குப் போடுவார்கள். சொரசொரப்பான சுவருக்கு மிக அருகில் அந்த ஊகம் தவறுகிறது என்று அளந்து காட்டுவதுதான் என் வேலை. அந்த மூலையில் உட்கார்ந்திருக்கிற பூதம்தான் என் எட்டு வருஷம்.

அதை அளக்கத்தான் காலேஜ் பின்கட்டில் ஒரு காற்றுச் சுரங்கம் இருந்தது. ஒரு கோடியில் பெரிய மின்விசிறி, நடுவே கண்ணாடிப் பெட்டி, அதன் ஒரு சுவர் மட்டும் சொரசொரப்பு. பெட்டிக்குள் மயிரிழைபோல இரண்டு சூடான கம்பிகள். காற்று பட்டால் கம்பி குளிரும், அந்தக் குளிர்ச்சியிலிருந்து இரண்டு திசை வேகத்தையும் ஒரே கணத்தில் கம்ப்யூட்டர் எழுதிக்கொள்ளும். ஒவ்வொரு இடத்திலும் லட்சக்கணக்கான எண்கள். அளந்து முடித்தேன். அந்தச் சந்தோஷத்தில் படியை விட்டு இறங்கியவள், ஈரத்தில் சறுக்கிக் கணுக்காலை முறித்துக்கொண்டேன்.

காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்த வாரத்தில்தான் லேப் அண்ணனிடமிருந்து போன் வந்தது. அவர்தான் அந்தக் கூடத்தைப் பார்த்துக்கொள்கிறவர். பழைய கட்டடத்தை இடிக்கப்போகிறார்களாம், சுரங்கத்தைக் கழற்றப்போகிறார்களாம், கம்ப்யூட்டரைத் துடைத்து ஒப்படைக்கச் சொல்லிவிட்டார்களாம், "உங்க ஃபைலையெல்லாம் காப்பி எடுத்துக்குங்க மேடம்" என்றார். நான் பென் டிரைவைக் கொடுத்து இவரை அனுப்பினேன். காப்பி எடுக்கத்தான் அனுப்பினேன். வேறொன்றும் சொல்லவில்லை.

நாலு நாள் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டுப் போய்வந்தார். "காப்பி எடுக்க நாலு நாளா?" என்றால், "நிறைய இருக்கும்மா" என்பார். கடைசி நாள் சாயங்காலம், முகமெல்லாம் மலர்ந்து, ஒரே ஒரு தாளைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். கட்டம் போட்டு, அழகாக அச்செடுத்து வைத்திருந்தார்.

"என்னங்க இது?"

"எல்லாம் இதுல இருக்கு. ஒவ்வொரு இடத்துக்கும் ரெண்டே எண். முன்னால போற வேகம், மேல போற வேகம். தாறுமாறா துள்ளினதையெல்லாம் தூக்கிட்டு, மிச்சத்துக்குச் சராசரி போட்டுட்டேன். நீ படுத்திருக்கியே, உனக்கு வேலை மிச்சமாகட்டும்னு."

"ஃபைல் எங்க?"

"பென் டிரைவ்ல இடம் பத்தல. அதான் சுருக்கினேன்."

"பெரிசா ஒண்ணு வாங்க வேண்டியதுதானே? காலேஜ் வாசல்லயே கடை இருக்கே!"

"எல்லா எண்ணும் கிட்டத்தட்ட ஒண்ணையேதானேம்மா சொல்லுது. அத்தனையும் எதுக்கு?"

"கம்ப்யூட்டர்ல இருக்குல்ல?"

"துடைச்சுக் கொடுத்தாச்சு. எங்க வேலை முடிஞ்சுதுன்னு நான்தான் அண்ணன்கிட்ட சொன்னேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். நிஜமாகவே அடித்துக்கொண்டேன், வலித்தது. ஆட்டம்தான் என் ஆராய்ச்சி. இந்த மனுஷன் நாலு நாள் முதுகொடிய உட்கார்ந்து, ஆட்டத்தை ஒன்றுவிடாமல் பொறுக்கி எறிந்துவிட்டு, தவிட்டை எனக்குக் கட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

"யாருங்க உங்கள சராசரி எடுக்கச் சொன்னது?"

"நீதான்" என்றார். பயந்துபோய், என் மேஜைக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். அதில் என் சமன்பாடு இருந்தது. "எல்லா எழுத்துக்கும் தலையில கோடு போட்டு வச்சிருக்கியே. கோடுன்னா சராசரின்னு நீதானே சொன்ன?"

"அய்யோ! அந்தக் கடைசியில பாருங்க. ரெண்டு எழுத்துக்கும் சேர்த்து ஒரே கோடு இழுத்திருக்கேனே, அது கண்ணுல படலையா? ரெண்டையும் பெருக்கிட்டு அப்புறம் சராசரி எடுக்கணும்னு அர்த்தம். நீங்க ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா எடுத்துட்டு வந்து நிக்கிறீங்க!"

அவர் தாளை உற்றுப் பார்த்தார். "நான் சிக்கனத்துக்குச் சேர்த்துப் போட்டிருக்கேன்னு நினைச்சேன். நீங்கல்லாம்தான் மூணு வரிய ஒரு வரியில எழுதுற ஆளுங்களாச்சே."

இந்தக் குறியீட்டின் பெருமையைச் சோறு போடும்போதெல்லாம் அவரிடம் அளந்தது நான்தான்.

அப்புறம் நான் கத்திய கத்தலை எழுதினால் தாள் தாங்காது. இவர் இடிச்ச புளிமாதிரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். திட்டினால் திட்டு வாங்கிக்கொண்டு, தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிற மனுஷனை என்னதான் செய்வது? பொண்ணுக்குப் போன் போட்டு அழுதேன். அவள், "அப்பா நல்லது நினைச்சுத்தானேம்மா..." என்று இழுத்தாள். வைத்துவிட்டேன். அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள்.

பத்து நாள் போயிற்று. சுரங்கமும் இந்நேரம் கழன்றிருக்கும், மறுபடி அளக்க வழியில்லை. நான் கைடுக்கு இன்னும் சொல்லவில்லை. என் ஆராய்ச்சியை மேற்பார்க்கிற பேராசிரியர் அவர், நடுவில் ஒரு தடவை போன் செய்து எப்போது அத்தியாயம் வரும் என்று கேட்டார். கால் வலி என்று சமாளித்தேன். இவர் ஆபீஸிலிருந்து தினமும் தாமதமாக வந்தார். எனக்கு எதிரே உட்காரப் பயம் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பெரிய பென் டிரைவ் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார்.

"மீட்டுட்டாங்க."

"யாரு?"

"கம்ப்யூட்டர் கடையில. அழிச்சத மீட்கிறதுக்கு ஏதோ வழி இருக்காம்."

மாவுக்கட்டுக் காலோடு நான் குதித்தேன். அவர் கையைப் பிடித்து ஆட்டினேன். "நீங்க இல்லன்னா..." என்றுகூடச் சொன்னேன். கைடுக்கு உடனே போன் செய்து, அளவுகள் எல்லாம் தயார், இந்த வாரமே முடிவைத் தருகிறேன் என்றேன். அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக என்னைப் பாராட்டினார். இவர் அடுப்படியில் நின்று பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவே இல்லை.

சாப்பாட்டுக்கு முன் முதல் இடத்தின் கணக்கைப் போட்டேன். சராசரி அச்சு அசலாக வந்தது. ஆட்டத்தின் அளவும் சரியாகத்தான் இருந்தது. இரண்டு ஆட்டத்தையும் பெருக்கிச் சராசரி எடுத்தேன். பூஜ்யம். அடுத்த இடம், அதுவும் பூஜ்யம். எல்லா இடத்திலும் கிட்டத்தட்டப் பூஜ்யம். முதலில் என் புரோகிராமைத் திட்டினேன். வரிவரியாகப் பார்த்தேன், தப்பில்லை. பிறகு முன் வேகத்தை ஓர் அச்சிலும் மேல் வேகத்தை இன்னோர் அச்சிலும் வைத்து, ஒவ்வொரு கணத்துக்கும் ஒரு புள்ளி குத்தினேன். உண்மையான காற்று என்றால் புள்ளிகள் சேர்ந்து சாய்ந்த முட்டைமாதிரி வரும். இது சதுரமாக வந்தது. குளியலறைத் தரையில் பதிக்கிற டைல்ஸ்மாதிரி, நாலு மூலையும் கூராக, கச்சிதமான சதுரம். உலகத்தில் எந்தக் காற்றாவது சதுரமாக வீசுமா?

கம்ப்யூட்டரில் இஷ்டத்துக்கு எண் போடச் சொன்னால்தான் அப்படி வரும்.

"இங்க வாங்க" என்றேன். வந்தார். திரையைப் பார்த்தார்.

"கடைக்காரன் மீட்டானா?"

தோளில் கிடந்த துண்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

"நீங்களே போட்டீங்களா?"

"சராசரி சரியா வந்துச்சா?" என்று கேட்டார், மெல்ல.

"சராசரி சரியா வந்துச்சுங்க! சராசரிக்கு என்ன கேடு? சேர்த்துப் பெருக்கினா பூஜ்யம் வருது. முன் ஆட்டத்த எப்பப் போட்டீங்க?"

"ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஒரு நாள் அத முடிச்சேன். மறுநாள் மத்தது."

"அதான். ஒண்ணு ஆடுறது இன்னொண்ணுக்குத் தெரியல. ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல. காத்துல ஒரே சுழல் ரெண்டையும் பிடிச்சு இழுக்கும், ஒண்ண விட்டு ஒண்ணு ஆட முடியாது."

அவர் யோசித்தார். யோசித்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "அப்ப ரெண்டையும் கொஞ்சம் சேர்த்து ஆட்டி விட்டிருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்காதா?"

"வாய மூடுங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டு அம்மா ஜன்னலைச் சாத்தினாள். "இத நான் எழுதிக் கொடுத்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு தெரியுமா? வேலை போறது இருக்கட்டும், திருடின்னு பேரு வந்திருக்கும். என் பேருங்க! எட்டு வருஷம்!"

அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். நரைத்த தாடி முளைத்திருந்தது. ஒரு நாள்கூடச் சவரம் தவறாத மனுஷன். "எங்க ஆபீஸ்ல அளக்காத கோட்ட அளந்ததா எழுதினான் ஒருத்தன்" என்றார். "நான்தான் மேல எழுதிப் போட்டேன். வேலையே போச்சு அவனுக்கு. பாவம் பார்க்கல. இப்ப நானே உக்காந்து அதையே செஞ்சிருக்கேன். நீ அழுறத என்னால பார்க்க முடியல."

நான் திரையை அணைத்துவிட்டு, "நாளைக்குக் கைடுகிட்ட உள்ளதச் சொல்லிடலாம்" என்றேன்.

மறுநாள் இருவரும் கைடு அறைக்குப் போனோம். நான் ஊன்றுகோலோடு நாற்காலியில் உட்காருவதற்குள் இவரே ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், டைல்ஸ் சதுரம் உட்பட. கைடு கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"போலி அளவு வெளிய போறதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிட்டீங்க, அதனால உக்காந்து பேசுறேன்" என்றார். "சுரங்கத்த இன்னும் கழட்டல, அதுக்கு நாலு நாள் இருக்கு. எல்லா இடமும் வேண்டாம். நடுவிலேர்ந்து சுவர் வரைக்கும் ஒரே ஒரு வரிசை எடுங்க. சுவர ஒட்டின கடைசி இடம் கண்டிப்பா வேணும்மா. உங்க வாதமே அங்கதான். அது இருந்தா நான் கையெழுத்துப் போடுறேன். இல்லன்னா என்னால முடியாது."

ஆக, ஒரு காலோடு நானும் ஒரு சர்வேயரும், துடைத்துக் கொடுத்த கம்ப்யூட்டருக்குப் பதிலாக என் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு காற்றுச் சுரங்கத்துக்குப் போனோம். என்னால் நிற்க முடியாது. ஒரு நாற்காலியில் நான், எதிர் நாற்காலியில் என் கால். கம்பியை நகர்த்துகிற திருகு பெட்டிக்கு மறுபக்கம். அதை இவர்தான் திருக வேண்டும். திருகுவதில் குற்றம் சொல்ல முடியாது, அரைக்கால் மில்லிமீட்டர் என்றால் அரைக்கால் மில்லிமீட்டர்தான். ஆனால் கம்பி நின்ற பிறகுதான் அவருக்கு வேதனை. திரையில் கோடு மேலும் கீழும் துள்ளும். இவருக்கு இருப்புக்கொள்ளாது.

"கொஞ்சம் பொறு, நிக்கட்டும். அப்புறம் எடு."

"அது நிக்காதுங்க."

"எப்பவுமா?"

"எப்பவும். அதுதான் காத்து. எடுக்கட்டா?"

"எடு" என்பார், முகத்தைச் சுளித்துக்கொண்டு. ஒரு இடம் முடிந்து அடுத்த இடம் போனால் மறுபடியும், "இது ரொம்ப ஆடுது, ஏதோ தப்பு" என்பார். நான் பல்லைக் கடிப்பேன். லேப் அண்ணன் ஓரமாக நின்று சிரிப்பை அடக்கிக்கொள்வார். முதல் நாள் முழுக்க இந்தக் கூத்துத்தான். இரண்டாம் நாள் சாயங்காலம், ஓர் இடத்தில் துள்ளல் கொஞ்சம் குறைந்தபோது, "ஏன் இப்படி அடங்கிருச்சு? கம்பி போயிருச்சா?" என்று அவரே பதறினார். பார்த்தால், நிஜமாகவே ஒரு கம்பி அறுந்திருந்தது. மாற்றிப் போட்டுச் சரிபார்ப்பதற்குள் மறுநாள் பாதி போய்விட்டது.

மூன்றாம் நாள் மத்தியானம், சுவரை ஒட்டின கடைசி இடம் மட்டும் பாக்கி. அப்போது ஸ்பானரும் வெட்டுமெஷினும் தூக்கிக்கொண்டு கான்ட்ராக்டர் உள்ளே வந்தார், பின்னாலேயே நாலு ஆள்.

"நாளைக்குத்தானே?" என்றேன்.

"லாரி இன்னைக்கே கிடைச்சிருச்சும்மா. முதல்ல மோட்டார்."

"ஒரே ஒரு அளவுதான் பாக்கி. இருபது நிமிஷம்."

"எல்லாரும் இருபது நிமிஷம்னுதான் சொல்லுவாங்க. லாரிக்காரன் நிப்பானா?"

நான் கத்தினேன். ஊன்றுகோலைத் தரையில் தட்டிக் கத்தினேன். அந்த ஆள் என்னைப் பார்க்கவே இல்லை. ஆட்களிடம் மோட்டாரைக் கைகாட்டினார். எனக்குத் தெரியும், இப்போது இவர் வருவார், அவங்க சொல்றதும் நியாயம்தான் என்பார், என் வேலையும் எட்டு வருஷமும் லாரியில் ஏறிப்போகும். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"தொட்டுப் பாரு!"

யாருடைய குரல் என்று எனக்கு விளங்கவில்லை. கண்ணைத் திறந்தால், இவர் மோட்டார் கூட்டின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறார். இரண்டு காலையும் அகற்றிப் போட்டுக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க.

"ஒரு போல்ட்ல கை வை, பார்க்கிறேன்! என்னையும் சேர்த்துக் கழட்டி ஏத்து லாரியில! என் பொண்டாட்டி கால ஒடச்சுக்கிட்டு உக்காந்திருக்கா, கண்ணு தெரியலையா உனக்கு?"

"எட்டு வருஷம்ங்க!" என்று நானும் கத்தினேன்.

"எட்டு வருஷம்டா!" என்றார் இவர். ஒருவரையும் 'டா' போட்டுப் பேசாத மனுஷன். "நாலு நாள்னு எழுதிக் கொடுத்துட்டு மூணாம் நாள் வந்து நிக்கிறியே, நீயெல்லாம் ஒரு மனுஷனா?"

"அதானே!" என்றேன் நான். அவர் மூச்சு வாங்கும் இடத்தில் நான் ஆரம்பித்தேன், நான் நிறுத்தும் இடத்தில் அவர் பிடித்துக்கொண்டார். கூடமே அதிர்ந்தது. கான்ட்ராக்டர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"யாரு இவரு?" என்று லேப் அண்ணனைக் கேட்டார்.

"மேடம் வீட்டுக்காரர். சாது மிரண்டா காடு கொள்ளாதுன்னு சும்மாவா சொன்னாங்க? நீங்க போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்றார் லேப் அண்ணன்.

கான்ட்ராக்டர் வெட்டுமெஷினைக் கீழே வைத்தார். "டீ குடிக்கிற நேரம்தான். அதுக்கு மேல கடவுளே வந்து உக்காந்தாலும் கழட்டிருவேன்" என்று சொல்லிவிட்டு ஆட்களோடு வெளியே போனார்.

இவர் இறங்கித் திருகுப் பக்கம் ஓடினார். வந்த வேகத்தில் திருகை மளமளவென்று சுற்ற ஆரம்பித்தார். கம்பி சுவரில் பட்டால் போச்சு, மாற்றுவதற்கு இன்னொன்று இல்லை. நான் ஊன்றுகோலை விட்டுவிட்டு, பெட்டியைப் பிடித்துக்கொண்டே நொண்டிப் போய் அவர் கைமேல் கையை வைத்து அழுத்தினேன். "மெதுவா" என்றேன். "தெரியும்" என்று என்மேல் எரிந்து விழுந்தார். இரண்டு பேருமாகச் சேர்ந்து திருகினோம்.

திரையில் கோடு அதுவரை பார்க்காத துள்ளல் துள்ளியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எண்கள் நிரம்பின. அவசரமாக இரண்டு பென் டிரைவில் காப்பி எடுத்தேன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போது பெருக்கலைப் போட்டுக்கொண்டிருந்தேன். யாரோ விசிறியை நிறுத்தினார்கள். கூடம் திடீரென்று அமைதியானது. விடை வந்தது.

"மைனஸ் போட்டிருக்கே" என்றார் இவர். கத்திக் கத்திக் குரல் கம்மிப்போயிருந்தது. "மறுபடியும் தப்பா?"

"இல்லீங்க. ஒண்ணு கூடினா இன்னொண்ணு குறையும்ல? மைனஸ்தான் வரணும். பெரிய மைனஸ். ஊகிச்சவங்க சொன்னதுக்கு ரொம்ப தூரத்துல நிக்குது."

"அப்ப கையெழுத்துப் போடுவாரா?"

"போடுவார்."

பின்னால் முதல் போல்ட் கழன்று தரையில் விழுந்தது. அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அழாதம்மா, அழாத" என்றார். நான் எங்கே அழுதேன்? அழுதுகொண்டிருந்தவர் அவர்.